அவள் கை பட்டால் நின்றுபோகும் லேப்டாப்

அந்த லேப்டாப்புக்கு வீட்டில் எல்லோரையும் பிடித்திருந்தது, சின்ன மருமகளைத் தவிர.

அவள் கணவன் தொட்டால் ஓடியது. கொழுந்தன் தொட்டால் பறந்தது. ரிப்பேர் கடைக்காரர் நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குறையும் இல்லீங்க, தங்கமான மெஷினு" என்று துடைத்துக் கொடுத்து அனுப்பினார். சின்னவள் உட்கார்ந்தால் மட்டும், நன்றாக ஓடிக்கொண்டிருப்பது சட்டென்று நின்றுவிடும். திரையிலுள்ள அம்பு நகராது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. திரை மட்டும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருக்கும்.

யாரையாவது கூட்டிவந்து காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் எழுந்து போய்க் கொழுந்தனை இழுத்து வருவதற்குள் அது நல்ல பிள்ளையாகிவிடும். "எங்க அண்ணி, நல்லாத்தானே இருக்கு?" என்பான் அவன். எதிர் மெஷினில் உட்கார்ந்து தைக்கும் ஓரகத்தி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "உன்னப் பார்த்தா அதுக்கு வெட்கம் போல" என்பாள். சிரிக்கவும் முடியாது, முறைக்கவும் முடியாது. என்ன செய்வாள், பாவம்.

கீழே தையல் கூடம், மேலே வீடு. கோட்டு, சீருடை என்று அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதுதான் குடும்பத் தொழில். முதலாளி மாமியார். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினால், அரட்டை அடித்துக்கொண்டிருந்த மெஷினெல்லாம் தானாக ஓடத் தொடங்கும். வாயைத் திறந்து ஒருவரைப் பாராட்டினார் என்பது சரித்திரத்திலேயே கிடையாது. கூடத்துக்கென்று அவர் போட்ட சட்டங்கள் உண்டு. சாக்பீஸ் விரலோடு யாரும் லேப்டாப் திரையைத் தொடக்கூடாது என்பது ஒன்று. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை, கூடத்தில் வேலை செய்கிற யாரும் குண்டூசிப் பட்டையைக் கையிலிருந்து கழற்றக்கூடாது என்பது இன்னொன்று. இடது மணிக்கட்டில் வாட்ச் மாதிரிக் கட்டிக்கொள்ளும் பட்டை அது. துணியிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு குண்டூசியும் நேராக அதில் போய் ஒட்ட வேண்டும், மேசையில் வைக்கிற பேச்சே கிடையாது. முன்பொரு தடவை ஒரு வக்கீலின் கோட்டில் குண்டூசி தங்கிப்போய், அவர் கையை ஓங்கி வாதாடும்போது விலாவில் குத்தி, அவர் போட்ட கூச்சலில் நீதிபதியே எழுந்துவிட்டாராம். அன்று பிறந்த சட்டம் இது. மாமியாரே தூங்கும்போதுதான் அதைக் கழற்றுவார்.

சின்னவள் இந்த வீட்டுக்கு வந்ததும் காஜா எடுக்க உட்கார வைத்தார்கள். வருஷக்கணக்காகக் காஜா. பட்டன் நுழைகிற ஓட்டையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கனவிலும் ஓட்டையாகவே வந்தது. ஆனால் அவள் ஆசையெல்லாம் கட்டிங்கில். துணியில் கத்தரி படுவதற்கு முன்பு, தோள், முதுகு, கை, காலர் என்று ஒவ்வொரு துண்டுக்கும் வடிவம் வரைகிறார்களே, அந்தப் பேட்டர்ன் வேலையில். மேலே வீட்டில் கொழுந்தனின் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். அவள் வரைந்த முதல் கோட்டு, போட்டவர் தோளில் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது. மாமியார் அந்தக் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. மறுவாரம் ஒரு புது லேப்டாப் வாங்கி, ஜன்னலோரத்தில் மேசை போட்டு, "இங்க உட்காரு" என்றார். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

போன வாரம் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஊழியர் அத்தனை பேருக்கும் கோட்டு வேண்டும், ஆனால் அவர் சொல்லச் சொல்ல அங்கேயே வடிவத்தை மாற்றிக் காட்ட வேண்டும். சின்னவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "காலரை இன்னும் கொஞ்சம் ஒல்லியாக்குங்க" என்றார். சின்னவள் ஆக்கப் போனாள். நின்றுவிட்டது. அசடு வழியச் சிரித்துக்கொண்டு அணைத்துத் திரும்பப் போட்டாள். மறுபடி நின்றது. வந்தவர் பக்கத்தில் இருக்கும்போது எழுந்து ஓடவும் முடியாமல், இடது கையை அப்படியே லேப்டாப் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு வலது கையால் தட்டு தட்டென்று தட்டினாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

"அடுத்த வாரம் வர்றேன்" என்று அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டார். "அன்னிக்கும் இப்படின்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க."

அவர் போனதும் மாமியார் தீர்ப்புச் சொன்னார். கத்தவில்லை, அதுதான் இன்னும் கொடுமை.

"அவ கைக்கும் அதுக்கும் ராசி இல்ல. அடுத்த வாரம் தம்பி உட்காரட்டும், அவ பக்கத்துல நின்னு சொல்லட்டும். வேலை முடிஞ்சா இனிமே அவனே பார்த்துக்கட்டும். காஜாவும் நிறையக் கெடக்கு."

கொழுந்தன் கம்ப்யூட்டர் படித்தவன், நல்ல பையன். லேப்டாப்பைக் கழுவிக் காயப்போடாத குறையாக எல்லாம் செய்திருந்தான். உள்ளே இருந்ததை அழித்துப் புதிதாக ஏற்றினான். தூசி ஊதினான். மேலே வீட்டில், ஷட்டர் இறக்கிய பிறகு இதே லேப்டாப்பில் அவள் வேலை செய்யும்போது ஒரு தடவைகூட நின்றதில்லை என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கீழே கரண்டுதான் கோளாறு என்று பிளக்கையெல்லாம் மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கை பொருத்துகிற கைக்குழி எது, கழுத்து எது என்று தெரியாது. நேற்று ஒத்திகை பார்க்கும்போது, கைக்குழியை இறக்கச் சொன்னால் இடுப்புவரை இறக்கி வைத்தான்.

"இதுல என்ன, யானைக்கா கோட்டு?" என்று ஓரகத்தி சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாளும் வந்தது. காலையில் ஷட்டர் ஏறியதும், பட்டையைக் கட்டிக்கொண்டு சின்னவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நாற்காலி கையை விட்டுப் போகப் போகிறது, போவதற்குள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வோமே என்றுதான். கொழுந்தன் பக்கத்தில் நின்று டீ குடித்தான். காலர் மடிப்பது எப்படி என்று ஒரு ஆள் விளக்குகிற வீடியோவைப் போட்டாள். ஆள் பேசினார், பேசினார், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பேசினார். அலுத்துப்போய் நிறுத்தப் பார்த்தாள். பொத்தான் வேலை செய்யவில்லை. அம்பும் நகரவில்லை.

"பாருங்க தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு."

ஆனால் அந்த ஆள் நிற்கவில்லையே. அவர் பாட்டுக்குக் காலரை மடித்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் தட்டுவதை நிறுத்தினாள். இத்தனை நாளும் பேட்டர்ன் வரையும்போதுதான் இது நின்றிருக்கிறது. கோடுகள் தானாக அசையாது, அதனால் மெஷினே நின்றுவிட்டதென்று நினைத்தாள். நின்றால் இந்த ஆள் எப்படிப் பேசுவார்? வந்த ஆத்திரத்தில் சட்டமாவது ஒன்றாவது என்று, சாக்பீஸ் விரலால் திரையில் அந்த ஆளின் மூக்கிலேயே ஒரு குத்துக் குத்தினாள்.

பேச்சு நின்றது. இன்னொரு குத்து. மறுபடி பேசினார்.

"தம்பி, இது நிக்கல" என்றாள் மெதுவாக. "நல்லா முழிச்சிட்டுத்தான் இருக்கு. பொத்தானும் டச்பேடும் மட்டும்தான் செத்துப்போகுது. தொட்டா கேக்குது, தட்டினா கேக்கல. அது ஏன்?"

கொழுந்தன் டீயை வைத்தான். "மடிச்சு வெச்சா அப்படித்தான் ஆகும் அண்ணி. இந்த மாடல் திரையை முழுசாப் பின்னாடி திருப்பி, பலகை மாதிரி கையில வெச்சுக்கலாம். அப்போ பொத்தானெல்லாம் அடிப்பக்கம் போயிடும். கை பட்டு எதுவும் அழுந்திடக்கூடாதுன்னு அதுவே எல்லாத்தையும் அணைச்சிடும். ஆனா நீங்க மடிக்கலையே?"

"மடிச்சா மடிச்சிட்டாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"திரைக்குள்ள சின்னதா ஒரு காந்தம் இருக்கும். அது பின்னாடி சுத்தி வந்து அடிப்பாகத்துக்கிட்ட..."

அவன் முடிக்கவில்லை. இருவர் பார்வையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. லேப்டாப்பின் இடது ஓரத்தில், பொத்தான்களுக்குக் கீழே, ஊன்றியிருந்த அவள் இடது மணிக்கட்டுக்கு. பட்டையில் குண்டூசிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. பசை போட்டா ஒட்டியிருக்கிறது? காந்தம். திரையின் காந்தம் என்று அதை நினைத்து லேப்டாப் ஏமாந்திருக்கிறது.

அவள் கையைத் தூக்கினாள். பொத்தான் வேலை செய்தது. கையை வைத்தாள். செத்தது. தூக்கினாள், வைத்தாள், தூக்கினாள். ஆளைக் கூட்டிவர எழுந்தபோதெல்லாம் அது ஏன் சரியாயிற்று என்பதும், ஷட்டர் இறங்கிய பிறகு மேலே ஏன் ஒழுங்காக ஓடியது என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு விளங்கியது. ஊசி பக்கமே போகாத கணவனும் கொழுந்தனும் கடைக்காரரும் பட்டை கட்டுகிறவர்களா என்ன? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. இத்தனை நாள் ராசியில்லாதவள் என்று பேர் வாங்கினோமே என்று கோபமும் வந்தது.

"அட கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டான் கொழுந்தன். "நான் பிளக்கை மாத்திட்டு இருந்திருக்கேன் பாருங்க."

வாசலில் கார் நின்றது. ஹோட்டல் அம்மாள் இறங்கினார். மாமியார் கட்டிங் மேசையிலிருந்து நிமிர்ந்து, "எழுந்திரு. தம்பி, நீ உட்காரு" என்றார்.

சின்னவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் கூடத்தில் மாமியார் சொல்லி ஒருவர் எழுந்திருக்காதது அதுதான் முதல் தடவை. ஓரகத்தியின் மெஷின் பாதித் தையலில் நின்றது.

"இன்னிக்கு நான்தான் உட்காருவேன் அத்தை" என்றாள். சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கப் பட்டையைக் கழற்றினாள்.

மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஷட்டர் திறந்திருக்கு. அதைக் கட்டு முதல்ல."

"கட்டினா இது நிக்கும். நீங்களே வந்து பாருங்க."

உள்ளே வந்த ஹோட்டல் அம்மாளும் என்னவோ ஏதோ என்று பக்கத்தில் வந்துவிட்டார். சின்னவள் பட்டையை லேப்டாப்பின் இடது ஓரத்தில் வைத்தாள். "இப்ப எதையாவது தட்டுங்க அத்தை." மாமியார் ஒரு பொத்தானைத் தட்டினார். ஒன்றுமில்லை. சின்னவள் பட்டையை எடுத்தாள். "இப்ப தட்டுங்க." திரையில் ஓர் எழுத்து விழுந்தது. மாமியார் அவள் கையிலிருந்து பட்டையைப் பிடுங்கித் தானே வைத்தார், தட்டினார். எடுத்தார், தட்டினார். ஏமாற்று வேலை எதுவும் இருக்குமோ என்று அடியில் குனிந்துகூடப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டை நீட்டி, தான் கட்டியிருந்த பட்டையையும் வைத்துப் பார்த்தார். அதற்கும் செத்தது.

"அத்தைக்கும் ராசி இல்ல போல" என்றாள் ஓரகத்தி, தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்துச் சொல்வதுபோல. கொழுந்தன் இருமுவது மாதிரிச் சிரித்தான். ஹோட்டல் அம்மாள் மறைக்காமலே சிரித்தார்.

மாமியார் சிரிக்கவில்லை. சின்னவளின் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊசி எடுக்கிற வேலை வந்தா என்னைக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பின்னால் போய் நின்றார்.

அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "காலர் ஒல்லியா" என்றார் ஹோட்டல் அம்மாள். சொல்லி வாயை மூடுவதற்குள் ஒல்லியாயிற்று. "ரொம்ப ஒல்லி, கொஞ்சம் கூட்டுங்க." கூடியது. "தட்டு தூக்கறப்போ தோள்ல இழுக்கக்கூடாதே." சின்னவள் முதுகுத் துண்டில் ஒரு மடிப்பு வைத்து, கைக்குழியை ஒரு விரல் இறக்கி, கையை அதற்கேற்பச் சுழற்றினாள். இத்தனை மாதமாக எந்த நேரம் நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து நகர்ந்த விரல்களா இவை? இடது கையைத் தாராளமாக ஊன்றிக்கொண்டாள். லேப்டாப் ஓடு என்றால் ஓடியது, நில் என்றால் நின்றது. கொழுந்தன் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தான். அந்த அம்மாள் முன்னால் உட்கார வேண்டியதில்லை என்ற நிம்மதியே அவன் முகத்தில் பாதி.

ஹோட்டல் அம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கிறதென்று தெரிந்ததும் கேள்வி மேல் கேள்வி. பெண்களுக்கு இடுப்பு வேறே மாதிரி வேண்டும், சமையல்காரர்களுக்குக் கை குட்டையாக வேண்டும், வாசலில் நிற்பவர்களுக்கு நீளக் கோட்டு வேண்டும். எல்லாம் அங்கேயே, அவர் கண் எதிரிலேயே வந்து நின்றன. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, "எல்லாத்தையும் நீங்களே தைச்சிடுங்க" என்றார்.

பிறகு ஏதோ நினைவு வந்தவராக, கழுத்தில் டேப்போடு நின்ற மாமியாரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அம்மா, உள்பாக்கெட்டை இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் மாத்தினா நல்லா வருமா? நீங்க என்ன சொல்றீங்க?"

மாமியார் திரையைப் பார்த்தார். சின்னவளின் பின்னந்தலையைப் பார்த்தார்.

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றார். "நாற்காலியில உட்கார்ந்திருக்காளே, அவளைக் கேளுங்க."