ஏழு மணிக்கு நிற்கும் உருளை

கடைசி விரிப்பின் வால் வெளியே வந்ததும், என்னோடு வேலை செய்யும் ரேடியோ சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் தட்டினாள். இரண்டு ஆள் நீளமுள்ள அந்த இஸ்திரி உருளை முனகிக்கொண்டே இன்னும் அரைச்சுற்று சுற்றி நின்றது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு. நாங்கள் இருவரும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி எதிரெதிரே நின்றோம். சூடு விரல்நுனிகளில் ஏறியது. நான் கண்களை மூடவில்லை. மூலைக் குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு, தரைக்குக் கீழே. ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருக்கும். அவற்றின் வழியாக, வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அவசரமாக வருகிற கால்கள், தயங்கி நிற்கிற கால்கள். ஒன்பது வருடமாக நானும் ரேடியோவும் ஒரே உருளையில் நிற்கிறோம். ஈர விரிப்பை இரண்டு பேர் ஒரு பக்கம் ஊட்ட, மறுபக்கம் நாங்கள் வாங்கி மடிக்க வேண்டும். அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது, பொருத்தமாக வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிவரை பேச்சு நிற்காது. அவள் நாத்தனார், பக்கத்து வீட்டுப் பூனை, முதல் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டரின் தலைமுடி, எல்லாம் அதில் வரும். ஏழு மணிக்கு மட்டும் ஒரு நிமிடம் ஓய்வு.

அந்த ஒரு நிமிடம் என்னுடையது. சரியாகச் சொன்னால், என்னுடையதும் என் கணவருடையதும்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் எனக்குக் காலை வேலையும், பஸ் டிரைவரான அவருக்கு மூன்று மணியிலிருந்து கடைசி வண்டிவரையும் என்று ஆனபோது, ஒரு நாளில் நாங்கள் முகம் பார்த்துக்கொள்வது அரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. நான் இரண்டே காலுக்கு வீட்டுக்குள் நுழைவேன். அவர் இரண்டே முக்காலுக்குப் பையை எடுப்பார். வார விடுமுறைகூட அவருக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள். அப்போதுதான் அவர் சொன்னார், "காலைல ஏழு மணிக்கு நீ எங்க இருந்தாலும் ஒரு நிமிஷம் நில்லு. நான் பாப்பாவோட வீட்டுல நிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேண்டிக்குவோம். மேல இருக்கறவருக்கும் ஒரே போன்ல ரெண்டு பேர் பேசின மாதிரி வேலை மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் செய்தோம். அவர் நள்ளிரவு தாண்டி வந்து படுத்தவர், பாப்பாவைப் பள்ளிக்குக் கிளப்ப ஆறரைக்கே எழுந்து, ஏழு மணிக்கு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நிற்பார். நான் இங்கே நிற்பேன். கடவுள் என்றால் "அவருக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை இல்லடி" என்று சொல்கிற ரேடியோ, முதல் நாளே கேள்வி கேட்காமல் உருளையை நிறுத்தினாள். சூப்பர்வைசர் ஒருநாள் பிடித்துவிட்டார். "எதுக்கும்மா டெய்லி நிறுத்துறீங்க?" ரேடியோ கண் சிமிட்டாமல் சொன்னாள், "மெஷின் மூச்சு விடணும் சார். ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் நிறுத்தலன்னா பெல்ட் போயிடும்." அடுத்த வாரமே சுவரில் பலகை ஏறியது. 'ஏழு மணிக்கு ஒரு நிமிடம் உருளையை நிறுத்தவும்.' காலையா மாலையா என்று போடவில்லை. அதனால் மாலை வேலைக்காரர்களும் ஏழு மணிக்கு நிறுத்துகிறார்கள். பழுது பார்க்க வந்த மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, "நல்ல பழக்கம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்படி மற்றவர்கள் எல்லோரும் நிறுத்தப் பழகிய பிறகு, நான் மட்டும் எப்படியோ விலகிப்போனேன்.

நாலு மாதம் ஆகிறது. பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. முதலில் சொற்கள் பழைய சோப்பு மாதிரி நுரை இல்லாமல் தேய்ந்தன. பிறகு கண்ணை மூடினால் அடுத்து வர வேண்டிய தள்ளுவண்டியும், பாப்பாவின் கிழிந்த ஷூவும், வலிக்கிற இடுப்பும்தான் வந்தன. ஒருநாள் பாதியில் கண்ணைத் திறந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வானம் இடிந்துவிடவில்லை. மறுநாளிலிருந்து மூடவில்லை. மத்தியானம் அவர் சாப்பாட்டில் கை வைத்தபடி, சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்பது போல, "ஏழு மணி நல்லா இருந்துச்சா?" என்பார். "இருந்துச்சு" என்பேன். இருக்கிற அந்த அரை மணியில் இதைச் சொல்லிச் சண்டை போடவா?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே வரும் வண்டியின் விளக்கு இடது கண்ணில் வெடித்துச் சிதறுகிறதாம். டிப்போவில் கண் பரிசோதனை செய்துவிட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். அதிலும் தேறாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது. பத்தொன்பது வருடமாக அந்தச் சக்கரத்தைப் பிடித்த கை. தூக்கத்தில்கூடச் சில சமயம் வளைவு திருப்பும்.

"ஏழு மணிக்கு என் கண்ணையும் சேத்துக்கோ" என்றார். "நான் எனக்காகக் கேட்டா சுயநலம் மாதிரி இருக்கு. நீ கேளு."

"சரி" என்றேன்.

மறுநாள் ஏழு மணிக்கு உண்மையாகவே முயன்றேன். உள்ளே ஒன்றும் எழவில்லை. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத வீட்டுக் கதவைத் தேவைக்காகப் போய்த் தட்டுகிற கூச்சம். கையை எடுத்துக்கொண்டேன். இருபத்தோரு நாளும் அப்படியே போனது. இன்று இருபத்திரண்டாவது நாள். இன்று ஒன்பது மணிக்கு அவருக்குப் பரிசோதனை.

நிமிட முள் நகர்ந்தது. ரேடியோ பச்சைப் பொத்தானை அழுத்தினாள். உருளை மறுபடி வேகமெடுத்தது. நாங்கள் நடந்து நெருங்கி, மடித்து, விலகி, நெருங்கினோம். நாலாவது விரிப்பில் நான் சொன்னேன்.

"நான் வேண்டிக்கிறதை நிறுத்தி நாலு மாசமாச்சுடி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ கண்ணை மூடினா மூக்குமேல ஒரு சுருக்கம் விழும். ஏதோ நாத்தம் அடிச்ச மாதிரி. நாலு மாசமா அது விழல." விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள். "முதல்ல சண்டையோன்னு நெனச்சேன். அண்ணன்கூட இல்ல, மேல இருக்கறவர்கூட."

"அப்போ எதுக்கு டெய்லி நிறுத்துறே?"

அவள் இரண்டு விரிப்புகளை மடித்துத் தள்ளுவண்டியில் அடுக்கினாள்.

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்போம்ல, அது மாதிரிதான். ஆள் கீழதான் நிக்குது, கூட்டம் குறைஞ்சதும் ஏறும்னு வச்சுக்கிட்டேன். நடுவுல எனக்கும் கால் வலிக்குது, ஒரு நிமிஷம் நிக்கிறது நல்லாத்தான் இருக்கு. அந்த மனுஷன் கண்ணை வேற சொல்லித் தொலைச்சியா? யாரு கேக்குறாங்களோ இல்லையோ, 'அவர் நல்லா ஓட்டட்டும்'னு நானும் சும்மா நெனச்சு வச்சேன். எனக்கு முறையெல்லாம் தெரியாது. தப்பா இருந்தா நீ திருத்திக்கோ."

நான் விரிப்பால் முகத்தைத் துடைத்தேன். "ஏய், தொற்று வார்டு துணிடி அது" என்றாள். துவைத்து, தேய்த்துச் சூடாக வந்த துணி அது. அவளுக்கு அப்போது வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

வேலை நேரத்தில் செல்போன் பெட்டியில் பூட்டி இருக்கும். இரண்டு மணிக்கு எடுத்தபோது அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பஸ்ஸில் நின்றபடி, டிரைவரின் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்ததும் முதலில் ஆணியைப் பார்த்தேன். அவருடைய காக்கிச் சட்டை அதில் தொங்கியது. மற்ற நாளில் இந்த நேரத்துக்கு அது அவர் மேல் இருக்கும்.

அவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு தட்டு வைத்திருந்தார்.

"கண்புரையாம்" என்றார். "ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க, மறுபடி பாக்கலாம்னாங்க. அதுக்கப்புறம்தான் ஓட்டலாமா வேண்டாமான்னு சொல்வாங்களாம். அதுவரைக்கும் டிப்போ ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பாக்கணும். காலைல எட்டுலேர்ந்து நாலு. திங்கள்கிழமைலேர்ந்து." கொஞ்சம் நிறுத்தி, "மொத்தமா போகல பாரு. அது உன் ஏழு மணிதான்" என்றார்.

அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால், நான் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன்.

"நான் வேண்டிக்கலங்க" என்றேன். "நாலு மாசமா. முடியல. உங்ககிட்ட சும்மா 'இருந்துச்சு'ன்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். எந்தக் கண்ணால் பார்த்தார் என்று தெரியவில்லை.

"என் கண்ணுக்கும்?"

"ஒரு நாள்கூட இல்ல."

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கீழே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டினார்கள். அவர் விரலால் மேஜையில் இல்லாத ஒரு பருக்கையைத் தள்ளினார்.

"அப்போ நான் தனியா நின்னு பேசிட்டு இருந்திருக்கேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. நிறுத்தத்தில் யாருமே ஏறாத வண்டியைக் கிளப்புகிற மாதிரி இருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தனியா இல்ல. ரேடியோ நின்னா."

"யாரு?"

"ரேடியோ. நான் விட்டதுக்கப்புறமும் டெய்லி நிறுத்தியிருக்கா. உங்க கண்ணுக்கும் ஏதோ நெனச்சாளாம்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு உதட்டோரம் லேசாக அசைந்தது. "அவளா? ஒரு நிமிஷம் பூரா பேசாமயா?"

"வாயே திறக்கல."

"அப்போ அது பெரிய வேண்டுதல்தான்" என்றார். சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

சாப்பிட்டோம். இரண்டே முக்காலுக்கு அவர் கை தானாகப் பையை எடுத்தது. கதவுவரை போய்விட்டார். பிறகு திரும்பி, அதை நாற்காலியில் வைத்தார். இருவரும் நின்றோம். ஆறு வருடத்தில் வேலை நாளில் இந்த நேரத்துக்கு இந்த வீட்டில் நாங்கள் இருவரும் இருந்ததில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. பாப்பா பள்ளியிலிருந்து வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"உனக்கு வேண்டிக்க முடியலன்னா விடு" என்றார் ஜன்னலைப் பார்த்து. "ஆனா முடியலன்னு சொல்லு. 'இருந்துச்சு'ன்னு சொல்லாத."

"ம்."

வெளியே கொடியில் எங்கள் படுக்கை விரிப்பு காய்ந்து விறைத்துக் கிடந்தது. நான் போய் எடுத்து வந்தேன். வழக்கமாக வீட்டு விரிப்பைத் தாடையில் இடுக்கி ஒற்றை ஆளாக மடித்துவிடுவேன். இன்று அவர் கை நீட்டினார். அவரிடம் இரண்டு மூலைகளைக் கொடுத்தேன். தப்பாகப் பிடித்தார், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக. "அப்படி இல்லங்க, பக்கத்துப் பக்கத்து மூலை" என்றேன். இடது பக்க மூலை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலும், தடவிக் கண்டுபிடித்தார்.

"இப்போ?"

"இப்போ இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நடந்து வாங்க. எங்கிட்ட."

அவர் வந்தார், வளைவில் திருப்புகிறவரைப் போல மெதுவாக, கவனமாக. நானும் நடந்தேன். நடுவில் விரிப்பு தொய்ந்தது, வெயில் வாசனை எழுந்தது. என் விரல்கள் அவர் விரல்களிடமிருந்து மூலைகளை வாங்க வேண்டிய இடம் வந்தது. அவர் விடவில்லை. நானும் இழுக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாத அளவுக்குக் களைப்பாக இருந்தது. மூடிக்கொண்டேன்.

"என்ன, மூக்குல ஏதோ சுருங்குது" என்றார் அவர், மிக அருகிலிருந்து.

கடிகாரத்தில் மூன்றுகூட ஆகவில்லை. விரிப்பு எங்கள் நாலு கைகளிலும் பாதி மடிந்தபடி தொங்கியது.