கறுப்பு நூல் கட்டிய போத்தல்

"குணம், நீர் இங்கிலீசு வாசிப்பீர்தானே?"

"ஓம்."

"மருந்துப் போத்திலிலை ஒட்டியிருக்கிற பேரை வாசிச்சு எடுக்கிறதுக்கு அது காணும். அளவுகளை நான் சொல்லித் தாறன். பயப்பிடாதையும்."

"ஓம்."

மார்கழி மாதத்து மழை நாளொன்றில் குணலட்சுமி கணவரிடம் சொன்ன இரண்டு 'ஓம்' அவை. இப்போது மாசி. இத்தனை நாளும் அந்த இரண்டு சொல்லும் தொண்டையில் மீன்முள்ளுப் போல நின்றன. விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

அவளுக்கு இங்கிலீசில் ஓர் எழுத்தும் தெரியாது. வைகாசியில் கலியாணம் பேசியபோது தாய்மாமன் தியாகராசாதான் அந்தக் கதையை அவிழ்த்துவிட்டவர். "பெட்டை மிசன் பள்ளிக்கூடத்திலை அஞ்சாம் வகுப்பு மட்டும் இங்கிலீசு படிச்சவள்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வந்து, வாயைப் பிளந்து நின்ற குணலட்சுமியிடம் சிரித்தார். "அப்போதிக்கரி மாப்பிள்ளை, கவுண்மெந்து உத்தியோகம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெட்டையெண்டால் திரும்பியும் பாராங்கள். நீ என்ன, புருசனுக்கு இங்கிலீசிலையோ சோறு போடப்போறாய்?"

சோறு தமிழிலேயே போடலாம்தான். வேறொரு வேலை வந்து கதவைத் தட்டும் என்று மாமன் எங்கே கண்டார்!

கணவர் சீவரத்தினம் வேலை பார்த்த டிஸ்பென்சரி கீரிமலைக்கு மேற்கே, கடற்கரை ரோட்டில் இருந்தது. வருத்தம் பார்க்க ஓர் அப்போதிக்கரி, மருந்து கலக்க ஒரு கம்பவுண்டர், எடுபிடிக்கு ஓடலி சிமியோன். இவ்வளவுதான் ஆட்கள். கார்த்திகையில் குருநாகல், கேகாலைப் பக்கம் மலேரியாக் காய்ச்சல் காட்டுத்தீயாய்ப் பரவியது. சனம் செத்து விழுகிறது என்று தந்தி மேல் தந்தி வந்தது. கம்பவுண்டரை அங்கே அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, ஐந்து மைல் தள்ளியிருந்த அடுத்த டிஸ்பென்சரியின் அப்போதிக்கரியையும் அனுப்பினார்கள். அந்த ஊரையும் சேர்த்துப் பார்க்கும்படி சீவரத்தினத்துக்கு ஒரு கடிதம் வந்தது. திங்கள், புதன், வெள்ளி அங்கே. மற்ற நாட்கள் இங்கே. ஆள் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்கு, 'கவனிக்கப்படும்' என்ற ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது.

புது நோயாளிகள் அவர் இருக்கும் நாட்களில் வருவார்கள். முன்பு வாங்கிய மருந்தையே திரும்ப வாங்க வருகிறவர்களுக்கு அவர் இல்லாத நாட்களில் குணலட்சுமி ஊற்றிக் கொடுத்தாள். சட்டத்துக்குச் சரியோ பிழையோ, வாசலில் நாற்பது பேர் இருமிக்கொண்டு நிற்கும்போது வேறு வழி இருக்கவில்லை.

அவளுக்கு ஆட்களின் முகமும் அவர்களின் வருத்தமும் மறக்காது. போத்தல்களுக்குத்தான் ஒரு வழி தேவைப்பட்டது. அலுமாரியில் ஆறு பெரிய போத்தல்கள். கணவர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்ன அன்றே, தையல் பெட்டியிலிருந்து ஆறு நிற நூல் எடுத்துக் கழுத்துகளில் கட்டிவிட்டாள். குழந்தைகளின் இருமல் மருந்துக்குச் சிவப்பு. பெரியவர்களின் இருமல் மருந்துக்குக் கறுப்பு. "உதுக்குள்ளை அபின் கலந்திருக்கு. குழந்தையளுக்கு ஒரு துளியும் குடுக்கக் கூடாது. நித்திரையாப் போய் எழும்பாதுகள்" என்று அவர் சொன்னதால்தான் அந்தக் கறுப்பு.

"மருந்துப் போத்திலுக்கும் காப்புக் கட்டியாச்சோ?" என்று சீவரத்தினம் சிரித்தார்.

"வடிவுக்குக் கட்டினனான்" என்றாள்.

எழுத்துச் சொல்லித் தாருங்கோ என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். பிறகும் எத்தனையோ முறை, அவர் சாப்பிடும்போது, பேப்பர் விரித்து வாசிக்கும்போது, அந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் மாமனின் பொய் வெளியே வரும். பொய் சொல்லி வந்த பெண் என்ற பெயரோடு இந்த வீட்டில் எப்படி நடமாடுவது? "என்ன, ஏதோ சொல்ல வந்தீர்?" என்பார் அவர். "ரசம் விடட்டோ?" என்பாள்.

அந்தப் புதன்கிழமை விடிந்ததே சரியில்லை. வியாழக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய டொக்குத்தர் பார்வையிட வருவதாக இருந்தது. கணவர் சைக்கிளில் கிளம்பிப் போனபின் மருந்தறைக் கதவைத் திறந்த குணலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். அலுமாரி பளபளவென்றிருந்தது. ஆறு போத்தல்களும் உயர வரிசையில் நின்றன. ஒன்றிலும் நூல் இல்லை.

"சிமியோன்! இதிலை கட்டிக் கிடந்த நூலெல்லாம் எங்கை?"

"அவிட்டு எறிஞ்சிட்டன் அம்மா. நேற்றுப் பின்னேரம் முழுக்கக் கழுவித் துடைச்சனான்." சிமியோன் பெருமையோடு மீசையைத் தடவினான். "பெரிய டொக்குத்தர் வந்து, இதென்ன டிஸ்பென்சரியோ வளையல் கடையோவெண்டு கேட்டால் ஐயாவுக்கெல்லோ வெக்கம்! பேர் எழுதித்தானே கிடக்கு?"

பேர் எழுதித்தான் கிடந்தது. கறுப்பு மையில், சாய்வாக, அவளுடைய கணவரின் கையால். அந்த எழுத்துகள் அவளைப் பார்த்தன. அவள் அவற்றைப் பார்த்தாள்.

வெளியே வரிசை நீண்டுவிட்டது. பனிக்கால இருமல் ஊர் முழுக்க. மண்ணெண்ணெய்ப் போத்தல், சாராயப் போத்தல், பன்னீர்ப் போத்தல் என்று ஆளுக்கொன்று கையில் வைத்திருந்தார்கள். காய்ச்சலுக்கான குயினா மருந்தை நிறத்தில் பிடித்தாள். வயிற்று மருந்து ஓம வாசத்தில் தெரிந்தது. உப்பு மருந்தும் சோடா மருந்தும் தெரிந்தன. மிஞ்சியவை இரண்டு. இரண்டும் ஒரே மண்ணிறம். இரண்டிலும் பெருஞ்சீரக வாசம்.

லூர்த்தம்மா முதலில் வந்தாள். சிலுவையர் குடியிருப்பு என்ற கடலோர மீனவர் ஊரில் இருப்பவள். இடுப்பில் ஒன்றரை வயது பெர்னடெட். சனிக்கிழமை வாங்கிய மருந்து முடிந்து, இன்னும் ஒரு போத்தல் தேவை.

"கெதியா ஊத்துங்கோ அம்மா. என்ரை மனுசன் கடலாலை வரமுன்னம் உலை வைக்கவேணும். இது இரவிரவா இருமி ஒருத்தரையும் படுக்கவிடேல்லை."

குணலட்சுமியின் கை இரண்டு போத்தல்களுக்கும் நடுவில் நின்றது. குழந்தைகளின் மருந்துப் போத்தல் சற்றுச் சின்னது என்றுதான் ஞாபகம். சின்னதை எடுத்து ஊற்றினாள். அளவு காட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டினாள். லூர்த்தம்மா போய்விட்டாள். ஒரு துளி நாக்கில் விட்டுப் பார்க்கும் யோசனை அப்போது வரவில்லை.

பிறகு பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் பெரியவர்கள். பத்து மணியளவில் நீக்கிலாப்பிள்ளைக் கிழவர் வந்தார். நெஞ்சுச்சளிக்காரர். மருந்து கையில் கிடைத்ததும் வாசலிலேயே ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் நடப்பார். பெரிய போத்தலிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். கிழவர் குடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. அதுதான் புதுமை.

"என்ன பிள்ளை, இண்டைக்குச் சீனி போட்டுக் காய்ச்சினனீங்களோ? என்ரை மருந்து வேப்பெண்ணை மாதிரிக் கசக்குமே! இது பாணியெல்லோ!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சீனிப்பாணி சேர்ப்பது குழந்தைகளின் மருந்துக்கு. அப்படியென்றால் லூர்த்தம்மாவின் போத்தலுக்குள் போனது...

நீக்கிலாப்பிள்ளையின் கையிலிருந்த போத்தலைப் பறித்து மேசையில் வைத்தாள். "சிமியோன், அறையைப் பூட்டு. ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்காதை. ஆற்றையும் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய், மருந்து மாறிப்போச்செண்டு சொல்லி ஐயாவை உடனை லூர்த்தம்மா வீட்டை வரச்சொல்லு."

"அம்மா, செருப்பு..." என்று சிமியோன் கத்தியது பின்னால் கேட்டது.

அப்போதிக்கரியின் பெண்சாதி தலைவிரிகோலமாய் ரோட்டில் ஓடுவதை அந்த ஊர் அதுவரைக்கும் கண்டதில்லை. கிணற்றடிப் பெண்கள் வாளியைக் கைவிட்டுப் பார்த்தார்கள். பனங்கூடல் தாண்டி மணல் வந்தது. மணல் காலை இழுத்தது. ஒரு கரண்டி கொடுத்திருப்பாளா? இரண்டா? 'இரவிரவா இருமினது' என்றாளே, நல்லாய்ப் படுக்கட்டும் என்று கூடவே கொடுத்திருந்தால்? நகுலேசுவரா, அந்தப் பிள்ளையின் இருமல் ஒன்று என் காதில் விழவேணும். ஒரே ஒரு இருமல்.

காய்ந்துகொண்டிருந்த வலைகளை விலக்கிக்கொண்டு போய்க் குடிலுக்குள் நுழைந்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. சத்தமில்லை. ஏணைத் தொட்டிலுக்குள் பெர்னடெட் அசையாமல் கிடந்தாள்.

"உஸ்!" என்றாள் லூர்த்தம்மா, அகப்பையோடு திரும்பி. "இப்பதான் அம்மா கண்ணயர்ந்தது. நல்ல மருந்து. ஒரு கரண்டியோடையே சுருண்டு படுத்திட்டுது. எழும்பினவுடனை இன்னொண்டு..."

"ஒரு கரண்டியோ? ஒண்டுதானோ? வடிவா யோசிச்சுச் சொல்லு!"

"ஒண்டுதான். ஏன் அம்மா?"

குணலட்சுமி ஏணையிலிருந்து குழந்தையை அள்ளி எடுத்தாள். தலை தோளில் துவண்டு விழுந்தது. மூச்சு இருந்தது, மெதுவாய், இடைவெளி விட்டு.

"மருந்து மாறிப்போச்சு லூர்த்தம்மா. நான்தான் மாத்தித் தந்திட்டன். பிள்ளையை நித்திரை கொள்ள விடக்கூடாது. தண்ணி கொண்டா!"

அகப்பை கீழே விழுந்தது. "மாதாவே!" என்று ஒரு அலறல். அடுத்த நிமிடம் இரண்டு பெண்களும் முற்றத்து வெயிலில் நின்றார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். உள்ளங்காலில் சுண்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குழந்தை கண்ணைத் திறக்கும், சொருகும். திறக்கும், சொருகும். குணலட்சுமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வலைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சூடேறிய மணலில் அவளுடைய கால் கொப்பளித்தது அவளுக்கே தெரியவில்லை.

லூர்த்தம்மா அழுதுகொண்டே கேட்டாள். "நீங்கள் இங்கிலீசு படிச்சனீங்களெல்லே அம்மா? எழுத்தைப் பாத்துத்தானே ஊத்தினனீங்கள்? எழுத்துத் தெரியாத எங்களை மாதிரி ஆக்களெண்டால் சரி. படிச்ச நீங்களுமோ?"

குணலட்சுமி குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். நடந்தாள்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டபோது நேரம் பதினொன்றரை. சீவரத்தினம் சைக்கிளை மணலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். சிமியோன் போய் எல்லாம் சொல்லியிருந்தான். குழந்தையை வாங்கி இமையை விரித்துக் கண்மணியைப் பார்த்தார். மூச்சை எண்ணினார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்.

"ஒரு கரண்டி. இன்னொண்டு குடுத்திருந்தால் கதை வேறை" என்றார். "கடுங்கோப்பி போடுங்கோ. சீனி வேண்டாம். நித்திரைக்கு மட்டும் விடாதையுங்கோ."

கோப்பி கரண்டி கரண்டியாய் உள்ளே போனது; பாதி வெளியே வந்தது. மூன்று பேரும் மாறி மாறித் தூக்கி நடந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறி, மேற்கே சாயத் தொடங்கியது. இரண்டு மணி கடந்து எவ்வளவோ நேரம் ஆனபின், சீவரத்தினம் உள்ளங்காலில் சுண்டியபோது, பெர்னடெட் முகத்தைக் கோணிக்கொண்டு வீரிட்டு அழுதாள். அழுகையோடு இருமலும் சேர்ந்து வந்தது. அந்த இருமலைக் கேட்டுக் குணலட்சுமி வலைக்குவியலில் தொப்பென்று இருந்துவிட்டாள்.

"இனிப் பயமில்லை" என்றார் சீவரத்தினம். "பிழை என்னிலை, லூர்த்தம்மா. நாலு பேர் செய்யிற வேலையைக் கவுண்மெந்து என்னிலை சுமத்த, அதிலை பாதியை நான் வீட்டிலை இருந்தவளிலை சுமத்தினன். நாளைக்குப் பெரிய டொக்குத்தருக்கு நானே சொல்லுவன்."

லூர்த்தம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குணலட்சுமியின் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் புறப்படும்போது மட்டும், "காலைக் கழுவிப்போட்டுப் போங்கோ. கொப்பளிச்சுப் போச்சு" என்று ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து மண்ணில் வைத்தாள்.

திரும்பும் வழியில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். இவள் இரண்டு அடி பின்னால். மணல் முடிந்து பனங்கூடல் வந்தது.

"எழுத்துத் தெளிவாத்தானே எழுதியிருக்கு" என்றார் அவர் கடைசியில். கோபமில்லை, விளங்காமல்தான் கேட்டார். "அவசரத்திலை பாக்கேல்லையோ?"

"பாத்தனான்."

"பாத்துமோ மாறினது?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது." சொல்லிவிட்டாள். "ஒரு எழுத்தும் தெரியாது. மாமா பொய் சொன்னவர். நீங்கள் கேட்டபோது நானும் ஓமெண்டனான். நூல் கட்டினது வடிவுக்கில்லை."

சைக்கிள் நின்றது. சீவரத்தினம் கைபிடியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நூல்களைக் காப்பென்று சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் கத்தினால் நல்லது என்று அவளுக்கு இருந்தது. அவர் கத்தவில்லை.

"அப்ப இண்டைக்கு மட்டுமில்லை" என்றார் மெதுவாய். "இவ்வளவு நாளும் தலைக்கு மேலை கத்தி தொங்க நிண்டிருக்கிறம், நீரும் நானும் இந்தச் சனமும்." பிறகு சைக்கிளை உருட்டத் தொடங்கினார். "சரி. நடந்தது நடந்து போச்சு. இனி நீர் மருந்தறைக்குள்ளை வரவேண்டாம். நான் இல்லாத நாளிலை பூட்டிப்போடுவம்."

வாரத்தில் மூன்று நாள் பூட்டு. வாசலில் நாற்பது பேர். நீக்கிலாப்பிள்ளைக் கிழவர் வெறும் போத்தலோடு திரும்பி நடப்பார். குருநாகலில் இருந்து கம்பவுண்டர் எப்போது வருவார், வருவாரோ மாட்டாரோ, யாருக்குத் தெரியும்? ஐந்து மைல் தூரத்தையும் அங்கே நிற்கிற வரிசையையும் இந்த ஒரு மனிதர் எவ்வளவு நாளைக்குத் தாங்குவார்?

கால் எரிந்தது. குணலட்சுமி இரண்டெட்டில் முன்னே போய், சைக்கிளின் கைபிடியில் தன் கையை வைத்தாள். அது நின்றது. அவரும் நின்றார்.

"நெடுகப் பூட்டிவைக்கவேண்டாம்" என்றாள். "நீங்கள் பெரிய டொக்குத்தருக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ, நான் குறுக்கை நிக்கமாட்டன். வாசிக்கத் தெரியுமட்டும் ஒரு போத்திலையும் தொடவுமாட்டன். ஆனால் இண்டைக்குப் பின்னேரமே, அந்த அலுமாரிக்கு முன்னாலை என்னை இருத்தி, முதல் எழுத்திலை இருந்து எனக்கு இங்கிலீசு படிப்பிச்சுத் தாருங்கோ."