தேய்ந்த பிரஷ்

விருத்தாசலத்துப் பெண்கள் பள்ளிக்கு வந்த பல் டாக்டரம்மா, "யாரெல்லாம் பிரஷ்ல பல்லு விளக்குறீங்க?" என்று கேட்டதும் ஒன்பதாம் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. மானம் போகக் கூடாதே என்று வாசுகியும் தூக்கினாள். அவள் வீட்டில் பல்பொடியும் ஆள்காட்டி விரலும்தான்.

"அப்ப நாளைக்கு எல்லாரும் பிரஷ்ஷ எடுத்துட்டு வாங்க."

சாயங்காலம் வாசுகி கடைத்தெருவில் ஒரு பச்சை பிரஷ் வாங்கினாள். புத்தம் புதிதாக இருந்தால் குட்டு உடைந்துவிடும். அம்மா வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்குப் போய், மெருகு பூசாத கோப்பையின் சொரசொரப்பான விளிம்பில் பிரஷ்ஷை அரை மணி நேரம் தேய்த்தாள்.

"ஏண்டி, கோப்பைக்கா பல்லு விளக்குற?" என்றாள் அம்மா.

மறுநாள் டாக்டரம்மா பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லா பிரஷ்ஷும் பச்சை, ஒரே கடைச் சரக்கு, பளபளவென்று புதுசு. வாசுகியுடையதைக் கண்டதும்தான் அவர் முகம் மலர்ந்தது.

"இந்தப் பொண்ணு ஒண்ணுதான் நெசமா விளக்குது. வா கண்ணு, எப்படின்னு எல்லாருக்கும் காட்டு."

"போடி, போ" என்று பக்கத்திலிருந்த அனுசியா தள்ளிவிட்டாள்.

வாசுகி பிரஷ்ஷை இடது கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பழக்க தோஷம், உள்ளே போனது வலது கை ஆள்காட்டி விரல்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, மறுபடி கேக்குறேன். யாரெல்லாம் விரல்ல விளக்குறீங்க?"

வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. வாசுகி மட்டும் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் தூக்கினாள்.