முன்கூட்டிச் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில், நடந்து முடிந்ததற்கு மட்டுமல்ல, நடக்கப்போவதற்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடலாம். அதற்கு விசுவாசச் சாட்சி என்று பெயர். வேலை கிடைக்கும் முன்னே வேலைக்காக ஸ்தோத்திரம், வீடு அமையும் முன்னே வீட்டுக்காக ஸ்தோத்திரம். எனக்கு இதில் கொஞ்சம் ஒவ்வாமைதான். ஆண்டவரை நாலு பேர் முன்னால் புகழ்ந்து, இனி அவர் பின்வாங்க முடியாதபடி மடக்கிப் போடுகிற மாதிரி தோன்றும். ஆனால் என்னைக் கேட்டுக்கொண்டா எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள்?

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆளே இல்லை. மருந்துக் கடை கவுண்டரில் வேலை. வருகிறவர்கள் தங்கள் நோயைக் கிசுகிசுத்துச் சொல்லச் சொல்ல, இவளுக்கும் குரல் அந்த அளவுக்கே இறங்கிப் போயிருந்தது. அன்றைக்கு மைக்கை வாங்கி, பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"ஆண்டவர் எங்களுக்கு ஒரு கைக்குழந்தையக் கொடுத்துட்டாரு. இந்த வருஷம் முடியறதுக்குள்ள அது எங்க வீட்டுல இருக்கும். அதுக்காக இப்பவே ஸ்தோத்திரம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அது செய்திதான்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு டாக்டர் கையை விரித்த பிறகு, தத்தெடுக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் அதே வீட்டில் இருக்கிற கல்யாணமாகாத நாத்தனார். நாத்தனார் கதைகளையெல்லாம் பொய்யாக்கிவிட்டு நானும் அண்ணியும் ஒட்டிக்கொண்டு இருந்தோம். வீட்டுக்குக் கீழேயே அண்ணனின் சோபா பழுதுபார்க்கும் பட்டறை. அவன் ஃபோம் வெட்டுவான், ஸ்பிரிங் கட்டுவான். நான் மெஷினில் உறை தைப்பேன். மூன்று பேருக்கும் அந்த வீட்டில் இல்லாதது என்ன என்று தெரியும். யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. அண்ணி சபை நடுவில் மைக்கில் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரமே சாமான்கள் வர ஆரம்பித்தன. சபைப் பெண்கள் அன்பில் அடக்கம் தெரியாதவர்கள். குட்டிச் சட்டை, பூத்துவாலை, பால் புட்டி, கிலுகிலுப்பை என்று ஒருவர் மாற்றி ஒருவர் கொண்டுவந்தார்கள். பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவள் ஒரு மரத் தொட்டிலையே வண்டியில் ஏற்றி அனுப்பினாள். யார் எதைச் சொல்லி முடிக்கும் முன்பும் ஆமென் போட்டுவிடுவாள் என்பதால் எங்கள் வீட்டில் அவளுக்கு ஆமென் அக்கா என்று பெயர். அவள் பிள்ளைகள் வளர்ந்த தொட்டில் அது. அண்ணன் நல்ல ஃபோமாகப் பார்த்து அதற்கு மெத்தை வெட்டினான். நான் ஓரத்துக்கு மடிப்பு வைத்து, குழந்தையின் கன்னத்தில் தையல் உறுத்தாதபடி உள்பக்கமாகத் தைத்துக் கொடுத்தேன். நக்கல் பேசினாலும் எனக்கும் ஆசை இருந்தது.

சில மாதம் கழித்து தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. விண்ணப்பித்தபோது எங்கள் வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போன அதிகாரி அம்மாதான். கைக்குழந்தைக்கு வரிசை நீளம் என்றும், இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், வயது ஏழு, சனிக்கிழமை குழந்தைகள் இல்லத்துக்குச் சும்மா வந்து பார்த்துவிட்டு யோசியுங்கள் என்றும் சொன்னார். அண்ணி சரி என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணன் பட்டறை வேனைக் கழுவினான். அந்த வேன் அதற்கு முன் தண்ணீரைப் பார்த்தது மழையில்தான்.

வெள்ளிக்கிழமை ஜெபக்குழு எங்கள் வீட்டில் கூடியது. அண்ணி விஷயத்தைச் சொன்னாள். முதல் முறையாக ஆமென் அக்கா ஆமென் சொல்லவில்லை. சபையில் நீ சொன்னது கைக்குழந்தை, இது ஏழு வயசுப் பிள்ளை, இது உன் விசுவாசத்துக்கு வந்த சோதனை, கிட்டே வந்துவிட்டுக் குறைவானதை வாங்கிக்கொண்டு இறங்கிவிடாதே என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் இடையில் புகுந்து, போய்ப் பார்ப்பதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்டேன். பிள்ளை பெற்றவர்கள் பேசிக்கொள்கிறோம் என்று அக்கா என்னை ஓரம் கட்டினாள். அந்தப் பேச்சு என்னைவிட அண்ணியைத்தான் குத்தியது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணி போனை எடுத்தாள். நாளைக்கு வரவில்லை, எங்களுக்குக் கைக்குழந்தைதான் வேண்டும், கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவள் முகத்தில் ஜெயித்தவளின் களை எதுவும் இல்லை. அண்ணன் கீழே போய்ப் பட்டறை விளக்கைப் போட்டான்.

அந்த வருஷம் முடிந்தது. குழந்தை வரவில்லை.

முதலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, ஒன்றும் கேட்காமல் இருப்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. அண்ணி உள்ளே வந்தால் பெண்கள் பேச்சை மாற்றினார்கள். சாட்சி நேரத்தில் அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். வீட்டில் அவள் ஜெபம் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் கதவுக்கு வெளியே நிற்கிற எனக்குக் கேட்கும்; இப்போது உதடு அசைவது மட்டும் தெரியும். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அவர் என்னைக் கைவிட்டுட்டாரோன்னு தோணுது" என்றாள். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி நானே துலக்கினேன்.

அடுத்ததாக ஆமென் அக்கா தொட்டிலைத் திருப்பிக் கேட்டாள். மகளுக்கு மாதம் நெருங்குகிறதாம். கேட்டதில் தப்பில்லை, அவள் தொட்டில், அவள் பேரப்பிள்ளை. அண்ணி அதைத் துடைத்து, எங்கள் மெத்தையோடு சேர்த்தே கொடுத்து அனுப்பினாள். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஆண்டவர் ஏன்தான் இவ்வளவு தாமதிக்கிறாரோ என்று பெருமூச்சு விட்டாள். எனக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

"அண்ணி, நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டது குழந்தையா, இல்ல அளவு சொல்லித் தைக்கக் குடுத்த சோபா உறையா? போன வருஷம் ஒரு பொண்ணு இருக்கான்னு சொன்னாங்களே, அவ என்ன ஆனான்னு யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?"

அண்ணி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். நாலைந்து நாள் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணன் மூலமாகத்தான் கேட்டாள். ரொம்பப் பேசிவிட்டோமோ என்று எனக்குள் உதறல். அண்ணன் மட்டும் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னான்: "வீட்டு வாசல் வரைக்கும் வந்ததை முகவரி சரியில்லன்னு நாமதான் திருப்பி அனுப்பினோம். அனுப்பிட்டு, ஏன் இன்னும் வரல ஏன் இன்னும் வரலன்னு அவரையே கேட்டுட்டு இருக்கோம்." அவன் இதைப் பலநாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதை என்னிடம் சொல்வதற்குப் பதிலாகப் பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டான் போல.

மறுநாள் அண்ணி மருந்துக் கடையிலிருந்தே அந்த அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் இன்னும் இல்லத்தில்தான் இருந்தாள். நடுவில் வேறொரு குடும்பம் வந்து பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று போயிருந்தது. சாயங்காலம் அண்ணி பட்டறைக்குள் வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றாள். "இருக்காளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். எங்கள் சண்டை அத்தோடு சரி.

அதற்குப் பிறகும் விசாரணை, சந்திப்பு என்று காலம் ஓடியது. நாங்கள் போகும்போதெல்லாம் அந்தப் பெண் வரவேற்பறை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். முன்பல் இரண்டு விழுந்து ஒன்று பாதி முளைத்திருந்தது. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார் அதிகாரி அம்மா. அவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி புலம்புவாள். கடைசி நேரத்தில் அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அழைத்துவரும் நாள் வந்தது. அவள் பை தயாராக வாசலில் இருந்தது. அவள் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணி கையை நீட்டினாள். அந்தப் பெண் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், அப்புறம் எங்களிடம் முதல் முறையாகப் பேசினாள்.

"போன தடவை ஏன் வரல?"

அதிகாரி அம்மா திடுக்கிட்டுவிட்டார். பிள்ளையிடம் சொல்லியிருக்கவே கூடாத விஷயம் அது. இல்லத்துச் சமையல்காரம்மா மனது கேட்காமல், சனிக்கிழமை உன்னைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாளே அவள் காதில் போட்டுவைத்திருக்கிறாள். இப்போது வருகிறவர்களும் அவர்கள்தான் என்று அவளே சொல்லியிருக்க வேண்டும்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க அம்மா அப்பா வராங்கன்னு" என்றாள் அந்தப் பெண். "தலை வாரிட்டு வாசல் கேட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க வரல. எல்லாரும் சிரிச்சாங்க."

அண்ணன் தரையைப் பார்த்தான். எல்லாம் ஆண்டவருடைய வேளை, அவர் குறித்த நேரத்தில்தான் நடக்கும் என்று அண்ணி அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எழுந்து வெளியே போயிருப்பேன். எங்கள் பிசகை அவர் தலையில் கட்டுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அண்ணி அப்படிச் சொல்லவில்லை. நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வந்திருக்கணும். வராதது எங்க தப்பு. ஆண்டவர் சரியாத்தான் கூப்பிட்டாரு, நாங்கதான் லேட்டு" என்றாள். பிறகு, "நானும் உன்னை மாதிரிதான், எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டேன். எங்க வீட்டுக்குக் குழந்தை வருதுன்னு" என்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "சிரிச்சாங்களா?"

"நேரா சிரிக்கல. குடுத்த தொட்டிலத் திருப்பி வாங்கிட்டாங்க."

அதை அவள் யோசித்துப் பார்த்தாள். சிரித்ததைவிட அது மோசம் என்று முடிவு செய்தாள் போலிருக்கிறது. "அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. வாய மூடிட்டேன். வராதுன்னு நினைச்சுட்டேன்." அண்ணியின் குரல் கவுண்டர் குரலாகச் சுருங்கிவிட்டது. "நீ?"

"நான் சொல்லிட்டேதான் இருந்தேன். லேட்டாகுது, ஆனா வருவாங்கன்னு."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்கள் முகம்கூட அவளுக்குத் தெரியாத நாட்கள் அவை. வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் நாங்கள். எங்களுக்காக ஒரு பிள்ளை, கேலி செய்கிறவர்கள் நடுவில், வருவார்கள் வருவார்கள் என்று வாதாடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாளும் வாக்குத் தவறாதவர் என்று பாடுகிற ஆண்டவருக்கு நாங்கள் அந்த மரியாதையைக்கூடக் கொடுக்கவில்லை. அந்த வருஷமெல்லாம் அவர் சும்மா இருக்கிறார் என்று நினைத்தோம். அவரோ எங்களுக்காக ஒரு இடத்தை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்துக்கொண்டு, நாங்கள் வந்து சேருகிற வரைக்கும் காத்திருந்தார். தாமதித்தது யார், காத்திருந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து இறங்கினாள். நேராக வாசலுக்குப் போவாள் என்று நினைத்து அண்ணன் பையைத் தூக்கினான். அவள் அண்ணியின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரிடமும் காட்ட வேண்டுமாம்.

நாங்கள் மூன்று பேரும் அவள் பின்னால் போனோம். சமையலறை, படிக்கிற அறை, கட்டில்கள் போட்டிருந்த பெரிய அறை, துணி காயப்போடுகிற இடம், ஒன்றையும் அவள் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அண்ணியை முன்னால் நிறுத்தி, "சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குக் கூட்டிப் போனாள். அண்ணி ஒவ்வொரு வாசலிலும் அழுதாள். உள்ளே இருந்த பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.