ஆமைக்குப் பெயர் வைத்தவர்

1

இது 2009 ஆடியா, 2010 ஆடியா என்று எனக்கு உறுதியில்லை. சொன்னவன் மெக்கானிக் ஜினோ. இரண்டு தடவை சொன்னான், தடவைக்கு ஒரு வருஷம் சொன்னான். அவன் வேலைபார்க்கும் காற்றாலைக் கம்பெனியின் ஸ்டோருக்குள் நான் போனதேயில்லை. பொறாமை கொஞ்சம் தெரியும். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

2

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஒரு—

(வேண்டாம். அந்த ஊரைப் பற்றி எழுதும் எல்லாரும் காற்றில்தான் தொடங்குகிறார்கள்.)

யேசுரத்தினம் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் ஜன்னலில் இருந்தார். நாலாயிரம் உதிரிபாகமும் எந்த அலமாரியில் என்பது அவர் தலைக்குள் இருந்தது. பலதுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். பிரேக்கின் இரும்பு மூடிக்கு 'ஆமை'. கம்பெனி முதலில் மென்பொருள் கொண்டுவந்தபோது சென்னைக்காரர்கள் ஆமைக்குப் பதினோரு இலக்க எண் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் மெக்கானிக்குகள் ஜன்னலுக்குத் திரும்பினார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் எல்லாருக்கும் கேக் கொடுத்தார்.

3

இரண்டாம் தடவை மென்பொருளோடு வந்தவள் ஸ்மைலின், கருங்கல் ஊர்க்காரி. காற்று அடங்கிய மார்கழியில் தொடங்கினாள். மேனேஜர், பாகம் கேட்டு வரும் காகிதச் சீட்டில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். (வெற்றிக்கான காரணங்கள் என்று கட்டுரைகளில் இவற்றைத்தான் எழுதுவார்கள். அவள் முதல் நாளே ஜன்னலுக்கு வந்ததை எழுதமாட்டார்கள்.)

"அண்ணாச்சி, இந்தச் சாமானுக்கு நீங்க என்ன பேரு சொல்லுவிய?"

"நான் என்னத்தச் சொல்ல? உங்க பெட்டிக்கு எல்லாம் தெரியுமே, மேடம்."

அவள் மெக்கானிக்குகளிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். 'ஆமை' என்று தட்டினால் திரையில் படம் வந்தது. "ஸ்மைலின் மேடத்துக்க ஆமை" என்று ஜினோ யாரிடமோ சொன்னது யேசுரத்தினம் காதில் விழுந்தது. அன்று அவர் கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

[முதல் பிரதியில் அவருக்கு நெஞ்சுவலி வரவைத்தேன். அடித்துவிட்டேன். பொறாமைக்காரர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள்.]

4

ஆடியில், காற்று உச்சத்தில் இருக்கும்போது, ஒரு காற்றாலை நின்றது. ஆமை ஏழாம் அலமாரியில் என்றது திரை. ஏழாம் அலமாரி காலி. முந்தின வாரம் யேசுரத்தினமே எடுத்துப் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஜினோ ஜன்னலுக்கு வந்தான், பின்னால் ஸ்மைலினும்.

"எங்க அண்ணாச்சி வச்சிருக்கிய?"

"கம்ப்யூட்டர்கிட்ட கேளு மக்கா."

"கேட்டாச்சு. அது உங்ககிட்ட கேக்கச் சொல்லுது."

யேசுரத்தினம் போய்த் திரையைப் பார்த்தார். ஆமைப் படத்தின் கீழே ஒரு வரி: 'இடத்தில் இல்லையென்றால் யேசுரத்தினம் அண்ணாச்சியிடம் கேட்கவும். பெயர் வைத்தவர் அவர்.' அவர் பெயர் வைத்த ஒவ்வொரு பாகத்துக்கும் அதே வரி. மார்கழியிலேயே எழுதியிருந்தாள்.

அதோடு அவர் பொறாமை தீர்ந்து—

இல்லை, கூடியது. தன்னிடம் நிறைய இருப்பவளால்தானே இப்படிக் கொடுக்க முடியும்.

5

டயர்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜினோ தூக்கிக்கொண்டு ஓடினான். ஸ்மைலினும் அவரும் மட்டும் நின்றார்கள். "நான்தான் மாத்தினேன்" என்று அவர் சொல்வதாக ஒருமுறை எழுதினேன். "எலி தள்ளியிருக்கும்" என்று இன்னொருமுறை. இரண்டும் பொருந்துகிறது. உங்களுக்கு அவரைப் பிடித்த அளவுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. காற்றாலை மூன்று மணிக்கு ஓடியது. மென்பொருள் இன்றும் ஓடுகிறது. ஜினோ இப்போது மேற்பார்வையாளர். ஸ்மைலின் கல்யாணமாகி மஸ்கட் போனாள். யேசுரத்தினம் 2013இல் ஓய்வுபெற்றார். லாரிக்காரன்வரை எல்லாரையும் மக்கா என்று கூப்பிட்டவர், அவளைக் கடைசிவரை மேடம் என்றே கூப்பிட்டார்.