மீட்டரின் இடுப்புத்துணி

உடலைக் குளிப்பாட்டும் தண்ணீருக்காக, நீர்மாலை எடுக்க ஆண்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் என்றால் வாய்க்காலுக்குப் போவார்கள். தி. நகர் மூன்றாவது மாடிக்கு வாய்க்கால் எங்கிருந்து வரும்? கீழே மோட்டார் ரூமுக்குப் பக்கத்துக் குழாய்தான். தலைக்கு மேல் விரித்துப் பிடிக்கிற வேட்டி லிஃப்டுக்குள் நுழையாது என்பதால் படி. சங்குச் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு போயிற்று. அதையும் மீறி உள்ளறையிலிருந்து மீட்டர் கத்தியது.

சந்திரிகா கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்த கருணாகரன் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதிலிருந்து யார் யாரோ வந்து கையைப் பிடித்து அழுதார்கள். சந்திரிகாவுக்கு மட்டும் கண்ணில் ஒன்றும் வரவில்லை.

மீட்டர் அவருடைய நாய். குட்டைக் கால், நீள உடம்பு ஜாதி. வாழ்நாளெல்லாம் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர், குட்டியைக் கொண்டுவந்த அன்றைக்கே தரையில் நீட்டிப் பார்த்துவிட்டு, “வளந்தா ஒரு மீட்டர் வரும்” என்று பெயரும் வைத்துவிட்டார். சந்திரிகா அதைத் தொட்டதில்லை. அவள் தையல் மிஷினில் உட்கார்ந்தால் மட்டும் அது ஓடிவந்து மிதிபலகையில் மோவாயை வைத்துக்கொண்டு, மேலும் கீழுமாகச் சவாரி போகும். காலால் தள்ளிவிடுவாள். மறுபடியும் வரும். வெட்கம் கெட்ட நாய்.

போன மாதம் சோபாவிலிருந்து குதித்ததில் அதற்கு முதுகுத்தண்டில் டிஸ்க் நழுவிவிட்டது. பின்னங்கால் இரண்டும் துவண்டுபோயின. ஆபரேஷன் முடிந்து கூண்டோடு வீட்டுக்கு வந்தது. துள்ளக் கூடாது, குதிக்கக் கூடாது, அதுவாக மூத்திரம் போக முடியாது, நீங்கள்தான் வயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும் என்றார் நாய் டாக்டர். வால் தானாக ஆடினால் நரம்பு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். கருணாகரன் தினமும் காலையில் அந்த வாலைப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்து, “இன்னைக்கும் இல்ல” என்பார். “கையக் கழுவினியளா?” என்று இவள் கேட்பாள்.

மகள் ஷண்முகப்ரியா குனிந்து காதில் சொன்னாள். “அம்மா, மீட்டர் நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணுக்கே போகல. நான் அமுக்கினா கடிக்க வருது. டாக்டர் சாயங்காலம்தான் ஆள் அனுப்ப முடியுமாம். அதுவரைக்கும் விட்டா மூத்திரப்பை கெட்டுடும், அப்புறம் ஆபரேஷன் பண்ணதுக்கே அர்த்தமில்லங்கிறார்.”

“இடுப்புல போடுற துணி எங்க?”

“அதைத்தான் தேடறேன். கெடைக்கல.”

அவருடைய பழைய வேட்டியில் கிழித்த துணி அது. நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பார். நூல் பிரிந்து வீடெல்லாம் உதிர்கிறது என்று திட்டிக்கொண்டே சந்திரிகாதான் அதற்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள். வெள்ளை நூல் தீர்ந்திருந்ததால் பச்சை நூலில்.

பச்சை நூல் அவள் கண்ணெதிரில்தான் இருந்தது. கருணாகரனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியில். காலையில் பதற்றத்தில் அவருடைய தம்பி அறிவு கைக்கு அகப்பட்ட மெத்தென்ற துணியை எடுத்துக் கட்டியிருக்கிறார். ப்ரியாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

“அவுத்துடவா?”

“வேண்டாம். அது அவியகிட்டயே இருக்கட்டும்” என்றாள் சந்திரிகா. எழுந்துவிட்டாள்.

“ஏளா, தலைமாட்ட விட்டுட்டு எங்க எந்திரிக்க?” என்றாள் பெரிய நாத்தனார். “நீர்மாலை வர நேரம். நாயத் தொட்டுட்டு வந்து அவனத் தொடுவியோ?”

“அந்த நாயத் தொட்ட கையாலதான் நேத்தும் எனக்குக் காப்பி போட்டுத் தந்தாவ” என்றாள் சந்திரிகா. உள்ளறைக்குப் போனாள்.

கூண்டைத் திறந்ததும் மீட்டர் பல்லைக் காட்டியது. பிறகு யாரென்று பார்த்துக் குழம்பிப்போய் உதட்டை மூடிக்கொண்டது. சந்திரிகா, காலையில் பெண்கள் உடுத்திவிட்ட புடவையின் முந்தானையை இழுத்து அதன் வயிற்றுக்கடியில் கொடுத்தாள். “அம்மா, பட்டு” என்றாள் ப்ரியா. “இருக்கட்டும்ட்டி. நீ முந்தானையத் தூக்கிப் பிடி.”

அவர் செய்வதை அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மனிதர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் செய்வார், எல்லாம் அடுக்களைக்குக் கேட்கும். இரண்டு உள்ளங்கையும் விலாவுக்குப் பின்னால். விரல் நுனி படக் கூடாது. சாத்துக்குடி மாதிரி ஒன்று தட்டுப்படும். அதைப் பின்பக்கமாக, மெதுவாக.

தட்டுப்பட்டது. கல்லாக இருந்தது. அமுக்கினாள். நாய் முனகியது, ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினால் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்போது அவள் வாயில், கடையில் பில்லுக்குக் காத்திருக்கும் பெண்களிடம் அவர் சொல்கிற, இந்த அறையிலும் சொல்கிற அதே வார்த்தை, அதே இழுப்போடு வந்தது.

“இதோ ஆச்சு மேடம். ஒரு நிமிஷம். இதோ ஆச்சு.”

மீட்டர் காதை நிமிர்த்தியது. உடம்பு தளர்ந்தது. முதலில் சொட்டு, பிறகு விடாமல், சூடாக, முந்தானையை நனைத்து அவள் மணிக்கட்டில் ஓடித் தரையில் பெருகிற்று. “இதோ ஆச்சு மேடம், இதோ ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே சந்திரிகா அழுதாள். ப்ரியா முந்தானையைப் பிடித்தபடியே அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். படியில் சங்குச் சத்தம் மேலேறி வந்துகொண்டிருந்தது.

சந்திரிகா கை கால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள். கால்மாட்டில் குனிந்த அறிவிடம், “தம்பி, குளிப்பாட்டும்போது அந்தக் கட்ட மாத்தாதிய” என்று மட்டும் சொன்னாள். “சரி மைனி” என்றார் அவர்.

கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது வீடு கழுவி விளக்கேற்றியிருந்தது. எல்லோரும் குளித்துவிட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். மீட்டரை மறுபடி தூக்க வேண்டும். வண்ணானுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அவருடைய துணி மூட்டையிலிருந்து சந்திரிகா ஒரு வேட்டியை உருவினாள். அகலம் பார்த்துக் கிழித்தாள். உள்ளறையில் கூண்டுக்கு எதிரே இருந்த மிஷினில் உட்கார்ந்து மிதித்தாள்.

“இன்னைக்கிப் போயி மிஷின் மிதிப்பாவளா?” என்று கூடத்தில் யாரோ கேட்டார்கள். “அவ இஷ்டத்துக்கு விடு” என்றது நாத்தனாரின் குரல்.

கூண்டுக்குள் லேசாக ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. சந்திரிகா மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். மீட்டர் கம்பியில் மோவாயை வைத்துக்கொண்டு மிதிபலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் அசையவில்லை. மறுபடி மிதித்தாள். வால் நுனி எழுந்து தகரத் தட்டில் ஒருமுறை தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை.

அவரிடம் சொல்ல அவள் கூடத்துப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

ப்ரியா வந்து கதவருகில் நின்றாள். ஊசி வெறும் தகட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, துணி முடிஞ்சிடுச்சு.”

“தெரியும்” என்றாள் சந்திரிகா. மிதித்துக்கொண்டே இருந்தாள்.