தேடுபொறியிடம் மட்டும் சொன்னது

சான் ரோக்கே என்ற ஊரில் முப்பத்தோரு வருஷமாகக் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு என்று ஒன்றையும் விடாமல் படம் பிடித்துவந்த டிக்கோய்க்கு, ஐம்பத்தாறாவது வயதில் திடீரென்று தன் வலைத்தளத்தின் மேல் அக்கறை வந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குப் பாதி மறந்துபோயிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் யாரோ செய்து கொடுத்தது. அதை அதுவரை பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டிக்கோய். இன்னொருவர், அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துக் காட்டிய அவர் மனைவி.

அக்கறைக்குக் காரணம் ஜோவெலின். டிக்கோயின் ஞானமகள், அவரை 'நினோங்' என்று கூப்பிடுகிறவள், கனடாவில் நர்ஸ். ஜனவரியில் ஊர்க் கோயிலில் கல்யாணம். அவள் அம்மா பெர்லா தன் மீன் கடையில் வைத்துச் செய்தி சொன்னாள். பிள்ளையின் ஞானத்தந்தையைப் 'பாரே' என்பதும், பிள்ளையின் அம்மாவை அவர் 'மாரே' என்பதும் அந்த ஊர் உறவுமுறை.

"படம் எடுக்கற ஆளை அவளே பாத்துக்கறாளாம், பாரே. நெட்டுல தேடி, யாரு மொதல்ல வர்றாங்களோ அவங்களைக் கூப்பிடுவாளாம். நான் எதுலயும் தலையிடறதில்ல."

கடைசி வாக்கியத்தை மீன்கூட நம்பியிருக்காது. ஆனால் முதல் பகுதியை டிக்கோய் மீனோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். ஞானத்தந்தை வாய் திறந்து கேட்டால் அந்தப் பெண்ணால் மறுக்க முடியாது. மனசுக்குள் வேறு யாரையாவது நினைத்திருந்தாலும் "சரிங்க நினோங்" என்றுதான் சொல்வாள். அப்படி வருகிற வேலை டிக்கோய்க்கு வேண்டாம்.

"அவளா தேடணும். அவளா கண்டுபிடிக்கணும். அட, நம்ம நினோங்தான் மொதல்ல நிக்கிறாருன்னு அவளுக்கே தோணணும்" என்றார் மனைவியிடம்.

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ல உங்களைத் தேடாமயே எல்லாரும் கண்டுபிடிச்சிடறாங்க. கடன் கேக்கறவங்க உட்பட. அவ ஒருத்தி மட்டும் தேடணுமாக்கும்."

மனைவியிடம் சொல்லாத பயம் ஒன்று டிக்கோய்க்கு இருந்தது. கல்யாணத்தன்று தான் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குச் சாட்சியாக நிற்கிற ஞானப்பெற்றோர் வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்க, நகரத்து ஸ்டூடியோக்காரன் எவனோ தப்பான இடத்தில் முழங்கால் போட்டு ஜோவெலினைப் படம் பிடிக்கிற காட்சி. அதை நினைத்தபோதெல்லாம் டிக்கோய்க்குச் சோறு இறங்கவில்லை. டிக்கோய்க்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது விளையாட்டு இல்லை.

ஆகவே ஒரு பை மாம்பழத்தோடு நெனெத் வீட்டுக்குப் போனார். நெனெத் அவர் மனைவியின் சித்தப்பா மகள்; அவரை 'மனோங்', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவாள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு குழாய் ரிப்பேர்க்காரருக்கு வேலை பார்க்கிறாள். அவருடைய ஊரில் எவர் வீட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டாலும், அவர்கள் பதற்றத்தில் நெட்டில் தேடும்போது முதலில் அந்த மனிதரின் பெயர் வந்து நிற்க வேண்டும். அதுதான் வேலை. ஆறு வருஷமாக அந்தப் பெயரை அப்படி நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அந்த ஆளை நேரில் பார்த்ததில்லை.

நெனெத் அவருடைய வலைத்தளத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"முந்நூத்தி நாப்பது படம் இருக்கு, மனோங். ஒரு வார்த்தை இல்ல."

"படத்துக்கு எதுக்கு வார்த்தை? பாத்தா தெரியுதே."

"பாத்தா தெரியும். ஆனா தேடுபொறிக்குக் கண்ணு கிடையாது. நீங்க எவ்ளோ அழகா எடுத்தாலும் அதுக்கு இருட்டுதான். ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி ஒரு பெட்டி இருக்கு, பாருங்க. அதுல, படத்துல என்ன இருக்குன்னு எழுதணும். கண்ணு தெரியாத ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தா எப்படிச் சொல்லுவீங்களோ அப்படி."

"உள்ளது உள்ளபடியா?"

"உள்ளபடியேதான். 'அழகான தருணம்', 'அன்பின் சங்கமம்'னு எல்லாரும் எழுதறதையே எழுதுனா, கூட்டத்துல ஒண்ணாப் போயிடும்."

டிக்கோய் கொஞ்சம் யோசித்தார். "நான் எழுதறதை வேற யாரும் பாப்பாங்களா?"

"சாதாரணமா யார் கண்ணுக்கும் தெரியாது. ஒருவேளை படம்..." என்று நெனெத் ஆரம்பித்தபோது கழுத்தில் கிடந்த ஹெட்போன் கத்தியது. ஆஸ்திரேலியாவில் எங்கேயோ வெள்ளம். அவள் கையை ஆட்டி டிக்கோயை வழியனுப்பினாள். மீதி வாக்கியம் அவள் வாயிலேயே தங்கிவிட்டது.

தன் வாழ்நாளில் முதல்முறையாக, ரகசியம் காக்கும் ஒரு காது டிக்கோய்க்குக் கிடைத்தது. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூட, அவர் சாயங்காலம் சீட்டாட வருவார் என்று பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. முப்பத்தோரு வருஷமாகக் கேமராவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்து, எதையும் சொல்லாமல் விழுங்கிய மனிதர் அவர். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்பது நாள், ஒற்றை விரலால் தட்டினார்.

"கல்யாணம். மணமக்களோடு ஞானப்பெற்றோர் இருபத்து நான்கு பேர். இதில் மணமக்களைத் தெரிந்தவர்கள் பதினொருவர். கவுன்சிலர் நின்றபடியே தூங்குகிறார்."

"கேக் வெட்டுதல். கேக்கின் மேல் இரண்டு அடுக்கு அட்டை. கீழ் அடுக்கு மட்டும் நிஜம். மாப்பிள்ளை அட்டையைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்."

"சவ அடக்கம். அழுகிறவர் மூத்த மகன். பக்கத்தில் அழாமல் நிற்கிறவர்தான் மூன்று வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டியவர்."

"விருந்து. முழுதாகச் சுட்ட லெச்சோன் பன்றியின் முறுகல் தோலைக் காணோம் என்று எல்லோரும் தேடுகிறார்கள். இடது ஓரத்தில் பெர்லா. மடியில் கைப்பை. பை கனமாக இருக்கிறது."

பத்தாம் நாள் பெட்டிகளை எல்லாம் நிரப்பிவிட்டு, கடையின் நல்ல இணைப்பில் ஒருமுறை திறந்து பார்த்தார். படங்கள் பளிச்சென்று நின்றன. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. நிம்மதியாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

சான் ரோக்கே சந்தையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததா? தெரியும். அங்கே எல்லோரும் போடுவது வாரத்துக்கு ஒரு சின்ன ரீசார்ஜ். அதில் எழுத்து வரும், படம் வராது. படம் வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் நிற்கும். அந்தக் கட்டத்துக்குள், படத்துக்குப் பின்னால் எழுதியது அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். நெனெத் சொல்ல வந்த மீதி இதுதான்.

சந்தையில் யாரோ டிக்கோயின் பெயரைத் தேடப்போய் இது சிக்கியது; மூன்றே நாளில் ஊர் மொத்தமும் படித்துவிட்டது. கறிகாய்க்காரி சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். துபாயில் இருக்கும் அண்ணனுக்கு, ஜெத்தாவில் இருக்கும் அத்தைக்கு, கப்பலில் இருக்கும் மாப்பிள்ளைக்கு என்று அனுப்பினார்கள். தங்கள் பெயர் வந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். பெயர் வராதவர்கள் அதைவிட அதிகமாகக் கோபித்துக்கொண்டார்கள். கேக் மாப்பிள்ளை, கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து, அட்டை விஷயம் தெரிந்து, நியாயம் கேட்க மாமனார் வீட்டுக்குப் போனான்.

பெர்லா கடைக்குள் வந்தாள். அதே கைப்பை.

"பாரே. என் பையில என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் உண்மையே எழுதியதில், கையோடு நாக்கும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

"பன்னியோட காது ஒண்ணு வெளிய எட்டிப் பாத்துது, மாரே."

"ஓ. காது."

"ஆமா. வலது காது."

பெர்லா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கேட்டுக்கங்க. என் பொண்ணு கல்யாணத்துல உங்க கேமரா கோயில் வாசப்படி ஏறாது. நீங்க வரலாம். வந்து, சாப்ட்டுட்டு, கைய கழுவிட்டுப் போகலாம்."

அவள் போனதும் டிக்கோய் நாற்காலியில் சரிந்தார். வெட்கமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது. நெனெத்தை ஃபோனில் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடப் போவதாகச் சொன்னார்.

"அழிங்க. ஆனா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றாள் நெனெத். "போன வாரம் வரைக்கும் நீங்க நாப்பத்தி மூணாவது பக்கத்துல, செத்துப்போன ஒரு வாட்ச் கடைக்குக் கீழ இருந்தீங்க. இப்ப சான் ரோக்கே, கல்யாணம், ஃபோட்டோன்னு யார் தேடுனாலும் மொதல்ல நீங்கதான். வர்றவங்க வந்தோமா போனோமான்னு இல்லாம, ஒக்காந்து கடைசி வரைக்கும் படிக்கறாங்க. என் குழாய்க்காரருக்கு ஆறு வருஷத்துல இப்படி நடக்கல, மனோங்."

"மொதல்ல நின்னு என்ன? யாரும் கூப்பிட மாட்டாங்க. பெர்லாவே வாசல்ல நிறுத்திட்டா."

ஃபோனை வைத்துவிட்டு அழிக்க ஆரம்பித்தார். முதலில் பெர்லாவின் பை போயிற்று. அடுத்தது கவுன்சிலரின் தூக்கம். மூன்றாவதாக ஒரு பழைய படத்தின் மேல் விரலை வைத்தபோது ஃபோன் அடித்தது. கனடா நம்பர்.

"நினோங், ஜோவெலின் பேசறேன். எல்லாத்தையும் அழிக்கறீங்கன்னு நெனெத் இப்பத்தான் சொன்னாங்க. அந்த ஞானஸ்நானப் படத்தை அழிச்சிடாதீங்க."

டிக்கோய் விரலை எடுத்தார். "எந்தப் படம்மா?"

"என்னோடது. வேலைக்குப் போற பஸ்ல உக்காந்து தேடுனேன். மொதல்ல உங்க பேருதான் வந்துச்சு. பஸ்ல சிக்னல் சரியில்ல, படம் திறக்கல, எழுத்து மட்டும்தான் வந்துச்சு. படிச்சுட்டு எறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன். நீங்களே படிங்களேன். உங்க வாயால கேக்கணும்."

டிக்கோய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஞானஸ்நானம். குழந்தை ஜோவெலின் வாயெல்லாம் பல்லில்லாமல் சிரிக்கிறாள். அப்பா ரூபென் படத்தில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு காதையும் இழுத்துக்கொண்டு நாக்கை நீட்டுகிறான். குழந்தை பார்ப்பது கேமராவை அல்ல, அவனை. இதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் இப்படித்தான். என் சட்டைக் காலர் முழுக்க அவன் எச்சில்."



ரூபென் கப்பல் வேலைக்காரன். ஜோவெலினுக்கு இரண்டு வயது நடக்கும்போது கடலிலேயே இறந்துபோனான். பெர்லா அவனைப் பற்றிப் பேச மாட்டாள்; பேசினால் அன்றைக்குக் கடை திறக்க முடியாது.

"நம்ம வீட்டு ஆல்பத்துல அப்பா எங்கயுமே இல்ல, நினோங். நான் சின்னதா இருந்தப்ப அவரு ஊருக்கே வரலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இத்தன வருஷமா."

"வந்தாரே. எல்லாத்துக்கும் வந்தாரு. ஒரு எடத்துல நிக்க மாட்டாரு, அவ்ளோதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, நர்ஸ் குரலில், ஜனவரி பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும், மற்றவர்களுக்கு என்ன விலையோ அதேதான் தனக்கும், சொந்தம் என்று குறைத்தால் வேறு ஆளைத் தேடுவேன் என்றாள். டிக்கோய் நாள்காட்டியில் தேதியை வட்டமிட்டார். "சரிங்க" என்றார், ஞானமகளிடம் மரியாதையாக.

மறுநாள் பெர்லா வந்தாள். மகள் பேசியிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. உட்காரச் சொல்லும் முன் உட்கார்ந்து, அந்தப் படத்துக்கு எழுதியதைப் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். தேட நேரம் பிடித்தது.

"எச்சிதான். நாக்க நீட்டுனா பக்கத்துல நிக்கவே முடியாது" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. என்னோடது எங்க?"

"அத அன்னைக்கே அழிச்சிட்டேன், மாரே."

"அழிச்சிட்டீங்களா? யாரைக் கேட்டு அழிச்சீங்க? துபாய்ல என் தங்கச்சி இன்னும் படிக்கல. ஊரெல்லாம் இருக்காங்க, நான் மட்டும் இல்லன்னா என்ன நெனப்பாங்க?"

ஜனவரி பதினெட்டு. கோயில் படியில் ஞானப்பெற்றோர் இருபத்து ஆறு பேர் நின்றார்கள். நடுவில் ஜோவெலின், தலைமுதல் கால்வரை வெள்ளை, முகம் மட்டும் ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி. மாப்பிள்ளை சிரிக்கச் சொன்னான், பாதிரியாரும் சொன்னார். அவள் சிரித்தது பல்வலி போல இருந்தது.

டிக்கோய் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தினார். ரிமோட்டை மனைவியிடம் கொடுத்தார். பிறகு தன் வெள்ளைச் சட்டையோடு கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு காதையும் இழுத்துக்கொண்டு, நாக்கை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார். கவுன்சிலர் விழித்துக்கொண்டார்.

அந்த வாரமே படங்கள் வலைத்தளத்தில் ஏறின. முதல் படத்துக்குப் பின்னால் உள்ள பெட்டியில், ஒற்றை விரலால், நிதானமாக எழுதினார்:

"கல்யாணம். ஜோவெலின் சிரிக்கிறாள், கண்ணீரும் வருகிறது. அவள் பார்ப்பது கேமராவை அல்ல. ரூபென் இந்தப் படத்திலும் இல்லை. நானும் இல்லை, அவன் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். இடது ஓரத்தில் பெர்லா, அவளே கேட்டு நின்ற இடம். பை மூடியிருக்கிறது. காது மட்டும் வெளியே."